வழக்கமான தேய்மானம்

உருக்கிய அரக்கை மணிக்கட்டில் சொட்டவிட்டபோது சங்கவி, "சுடுதுங்க்கா" என்றாள். சப்-இன்ஸ்பெக்டர் பானுரேகா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கம்பெனிக் கைதான அம்மணி, உனக்கென்ன சுடுது?" என்று சொல்லிவிட்டு, அரக்கு காய்வதற்குள் பித்தளை முத்திரையை எடுத்து அழுத்தினார். மணிக்கட்டில் கட்டிய சணல் கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. குற்ற எண், தேதி, அதன் கீழே 'வழக்குச் சொத்து: வலது கை, செயற்கை' என்று எழுதியிருந்தது. அந்தக் கையின் விரல்கள் நசுங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. அட்டை கோணலாகத் தொங்கக் கூடாது என்பதில்தான் பானுரேகாவுக்கு அக்கறை.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கையின் சொந்தக்காரர் சார்பில் வந்த வக்கீல். சொந்தக்காரர் என்றால் சங்கவி இல்லை, நவகரம் என்ற நிறுவனம்.  

சங்கவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவள். மெஷின் அவள் வலது கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை வாங்கிக்கொண்டது. பட்டறைக்காரர் ஆஸ்பத்திரிச் செலவோடு நின்றுவிட்டார். அப்போதுதான் நவகரம் புதிதாக வந்திருந்தது. அவர்கள் கையை விற்பதில்லை, குத்தகைக்கு விடுகிறார்கள். நரம்போடு கோத்துத் தைத்த கை. ஊசியில் நூல் கோக்கும், தோசை திருப்பும், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும். அந்தக் கையோடுதான் சங்கவி காயில் சுற்றும் வேலைக்குப் போய் வீட்டை ஓட்டினாள். குத்தகைப் பத்திரத்தில் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டவன் அவள் புருஷன் லோகேஷ். கை எங்கே இருக்கிறது என்பதை உத்தரவாதம் போட்டவரும் தன் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு ஷரத்து உண்டு. கை தொலைந்துவிடக் கூடாதல்லவா.

லோகேஷ் அடிப்பான். குடித்தாலும் அடிப்பான், குடிக்கக் கிடைக்காவிட்டாலும் அடிப்பான். சங்கவி எத்தனையோ முறை இதே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவனைக் கூப்பிட்டு, நாலு வார்த்தை திட்டி, 'இனிமேல் என் மனைவியை அடிக்க மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு, அவனோடேயே அவளை அனுப்பி வைத்தார்கள். எழுதிக் கொடுப்பது அவனுக்குப் பழகிவிட்டது. கடைசியில் எல்லாம் யாரும் சொல்லாமலே தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவானாம். அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அண்ணனே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். காப்பகத்துக்குப் போனாள், லோகேஷ் போனைப் பார்த்துக்கொண்டே காப்பகத்து வாசலில் போய் நின்றான். அவள் எங்கே போனாலும் கை கூடவே போகும். கை எங்கே போனாலும் அவன் போனில் ஒரு பச்சைப் புள்ளி போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கிரைண்டரின் குழவிக் கல்லைத் தூக்கி அடித்தான். கை உடைந்தது. அவ்வளவுதான், உலகமே ஓடி வந்தது. உடைந்த கணமே கை தன் கம்பெனிக்குச் செய்தி அனுப்ப, கம்பெனியின் கணினி தானே புகார் எழுதி அனுப்ப, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதற்குள் போலீஸ் ஜீப் வாசலில் நின்றது. 'உடலோடு இணைந்த வாடகைச் சொத்துக்குச் சேதம்' என்று புதிதாகக் கொண்டுவந்த சட்டம். வாரண்டு வேண்டாம்; சொந்தக்காரர் ஆட்சேபித்தால் ஜாமீன் கிடையாது; வழக்கை நடத்தக் கம்பெனி தன் வக்கீலையே வைத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷம் அவள் முகம் உடைந்தபோது வராத ஜீப், கம்பெனியின் விரல் உடைந்ததும் வந்துவிட்டது.

அன்று ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது சங்கவி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"இந்தத் தடவை உள்ளயே வெச்சுருவாங்களாக்கா? திரும்ப வந்துர மாட்டாருல்ல?"

வர மாட்டான் என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

மறுநாள் நவகரத்தின் மேலாளர் ஹரிகிருஷ்ணன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். நல்ல மனிதர்போல் பேசுவார். குளிரூட்டிய அறை, மேஜையில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு மாதிரிக் கை, அதன் விரல்கள் சும்மா இருக்கும்போதும் மெல்ல அசைந்துகொண்டேயிருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே ஒவ்வாது.

கைக்கு எதற்கு வலி வைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அரக்குச் சூடு மனதில் நின்றிருந்தது.

"வலி இல்லைன்னா ஜனங்க கையை அடுப்புல வெச்சுருவாங்க மேடம், கதவுல நசுக்கிக்குவாங்க" என்றார். "வலிங்கறது எங்க சொத்துக்கு நாங்க போட்ட வாட்ச்மேன். அது அவங்களுக்காக இல்ல, கைக்காக."

கை தன்மேல் விழும் ஒவ்வோர் அழுத்தத்தையும் பதிந்துகொள்ளும் என்று சொல்லித் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை அடி அதில் பனைமரம்போல் நின்றது. குழவிக் கல் எந்தக் கோணத்தில் வந்தது, என்ன வேகத்தில் வந்தது என்பதெல்லாம் இருந்தது. அதற்கு முன்னால், கோடு நெடுகச் சின்னச் சின்ன முட்களாக நீட்டிக்கொண்டிருந்தன. சில நாட்களில் ஒன்று, சில நாட்களில் கொத்தாக. வருஷக்கணக்காக. எல்லாமே கையின் வெளிப்புறத்தில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே விழுந்தவை. கையை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பாருங்கள், அடி எங்கே விழும் என்று தெரியும். அந்த முட்களுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தது: வழக்கமான தேய்மானம்.

இதெல்லாம் அடி இல்லையா என்று கேட்டேன்.

"அடிதானுங்க. ஆனா கைக்குச் சேதம் ஆகலையே. சேதம் ஆகாத அளவு வரைக்கும் தேய்மானக் கணக்குலதான் மெஷின் போட்டுக்கும். செருப்பு தேயறதில்லீங்களா, அது மாதிரி."

எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஒருத்தி தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கையைத் தூக்கிய தடவைகளை எல்லாம் ஓர் இயந்திரம் அச்சுப் பிசகாமல் எண்ணி வைத்திருக்கிறது. எண்ணியது செருப்பின் கணக்கில். இதையும் கோர்ட்டில் கொடுக்கலாம், அவன் தொடர்ந்து அடிப்பவன் என்று தெரியும் என்றேன். ஹரிகிருஷ்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். தெரிந்திருந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று நாளைக்கு யாராவது கம்பெனியைக் கேட்டால் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமைப் பதிவு மட்டும் போதும் என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்தவள், ஆவணங்களோடு ஆவணமாக முழுப் பதிவையும் சேர்த்துக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. அன்று நான் பிள்ளையார் பிடித்துக்கொண்டிருந்தேன். அது குரங்காய் முடியப்போகிறது என்று தெரியவில்லை.

விசாரணை சீக்கிரமே வந்தது. கம்பெனி வழக்குகளுக்கு வாய்தா கிடையாது. சங்கவி போட்டிருந்த குடும்ப வன்முறை மனு மட்டும் பக்கத்து ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தது. லோகேஷ் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, பசுவைப்போலக் கூண்டில் நின்றான். அவனுக்கு வக்கீல் மகுடேஸ்வரன். எங்கள் கோர்ட்டில் அவர் குறுக்கு விசாரணையைப் பார்க்க ஜூனியர்கள் கூட்டமாக நிற்பார்கள். குரலை உயர்த்தவே மாட்டார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறவர்.

சொத்துக்குச் சேதம் விளைவித்தான் என்று ஒருவனைத் தண்டிக்க வேண்டுமென்றால், சேதம் செய்யும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், அல்லது சேதமாகும் என்று அறிந்தாவது செய்திருக்க வேண்டும். கை தெரியாமல் கண்ணாடி டம்ளரைத் தட்டிவிட்டால் அது குற்றம் இல்லை. எந்த நாட்டிலும் இதுதான் சட்டத்தின் அடிப்படை. மகுடேஸ்வரன் அந்த அடிப்படையைப் பிடித்துக்கொண்டார். சாட்சிக் கூண்டில் சங்கவி நின்றாள். அட்டையும் அரக்கும் அப்படியே அவள் மணிக்கட்டில் இருந்தன. வழக்குச் சொத்தைப் பத்திரமாகக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பும் அவளுடையதுதான்.

"உங்க வீட்டுக்காரர் கல்லைத் தூக்கி எங்கம்மா அடிக்க வந்தாரு?" என்று அவர் கனிவாகக் கேட்டார்.

"தலைலீங்க."

"கையில இல்லையே?"

"இல்லீங்க. தலைலதானுங்க."

மகுடேஸ்வரன் நீதிபதி பக்கம் திரும்பினார். "என் கட்சிக்காரர் மனைவியைத்தான் அடித்தார், ஐயா. கம்பெனிச் சொத்தை அடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. கை குறுக்கே வந்துவிட்டது."

இதைத் திறந்த கோர்ட்டில், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு மனிதர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. பின்வரிசையில் ஒரு ஜூனியர் பாராட்டுவதுபோலத் தலையை ஆட்டினான். கல்லை ஓங்கும்போது கை உடையும் என்று தெரியாதா, அறிந்து செய்ததும் குற்றம்தானே என்று நான் எழுந்து சொன்னேன்.  அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, தேவசேனா மேடம் சொல்வது ரொம்ப சரி, அறிந்து செய்தவர் யார் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம் என்றார். மறுபடியும் சங்கவியிடம் போனார்.

"கையைக் குறுக்கே வெச்சது யாரும்மா?"

"நானுங்க."

"அது கம்பெனிக் கைன்னு தெரியுமா?"

"தெரியுங்க."

"கல்லு பட்டா உடையும்னு?"

அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லச் சொல்லி நான் கண்ணைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. "தெரியுங்க" என்றாள்.

அப்போது மகுடேஸ்வரன் ஒரு தாளை எடுத்து விரித்தார். நான் தாக்கல் செய்த பதிவு. அந்த முட்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டுக் காட்டினார். இந்தப் பெண்மணி ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்காக நிறுவனத்தின் விலையுயர்ந்த சொத்தைக் கேடயமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார். என்றாவது ஒரு நாள் உடையும் என்று அறிந்தே செய்திருக்கிறார். சேதம் விளைவித்தவர் என்று சட்டப்படி யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்ல வேண்டும் என்றார்.  அவள் பட்ட அடிக்கு நான் கொண்டுவந்த சாட்சி, அவளுக்கே எதிர்சாட்சியாகத் திரும்பி நின்றது.

நீதிபதி இளையவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சங்கவியைப் பார்த்து, உங்களுக்குச் சொந்தக் கை ஒன்று இருக்கிறதே, இடது கை, தடுப்பதற்கு அதை ஏன் வைக்கவில்லை என்று கேட்டார்.

"அந்தக் கையை அவரு புடிச்சுக்குவாருங்க" என்றாள் சங்கவி.

  நீதிபதி குனிந்து எழுத ஆரம்பித்தார்.

தீர்ப்பு நான்கு பக்கம். லோகேஷுக்குச் சொத்தைச் சேதப்படுத்தும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. மனைவியைத் தாக்கியதைப் பற்றி இந்த நீதிமன்றத்தின் முன் புகார் ஏதும் இல்லை. கையை வைத்திருப்பவர் இனிமேல் அதைத் தடுப்புக்கு உபயோகித்துச் சேதம் ஏற்பட்டால் அவரே அறிந்து செய்ததாகக் கருதப்படும் என்று எச்சரிக்கை. லோகேஷ் வெளியே வந்து மகுடேஸ்வரன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு சங்கவியிடம் போய், "வா, போலாம்" என்றான். அவள் போனாள். வேறு எங்கே போவாள்?

ஹரிகிருஷ்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் போன் செய்து பாராட்டினார். வழக்கு தோற்றதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. இனிமேல் எந்தக் கை உடைந்தாலும் வைத்திருப்பவர்தான் பொறுப்பு என்று ஆகிவிட்டதே, இதைவிடக் கம்பெனிக்கு என்ன வேண்டும்? அந்தப் பதிவைத் தாக்கல் செய்தது நல்ல யோசனை என்றார். போனை வைத்த பிறகு நான் சோப்பு போட்டுக் கை கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன்.

கையைப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. 'கைப் பேணல் வகுப்பு' என்று ஒன்று நடத்தி, குத்தகைதாரர்கள் எல்லாரையும் வரச் சொன்னார்கள். சட்டம் பற்றிப் பேச என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். பயிற்சி கொடுத்த பெண் சிரித்த முகத்தோடு, கைக்கு எண்ணெய் படக் கூடாது, உப்புத் தண்ணீர் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்து, அதே சிரிப்போடு, வீட்டில் சண்டை ஏதாவது வந்தால் உடனே கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். செய்தும் காட்டினாள். மண்டபத்தில் இருந்த பெண்கள் எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிப் பழகினார்கள். முதல் வரிசையில் சங்கவியும். அடுத்து நான் எழுந்து, கை உங்களுடன் இருந்தாலும் உங்களுடையது இல்லை, தெரிந்தே சேதப்படுத்தினால் உடனே கைது, கம்பெனி ஆட்சேபித்தால் ஜாமீன் கிடையாது, கையையும் கழற்றி எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் வழக்குச் சொத்தைக் குற்றவாளியிடமே விட்டு வைக்க முடியாது என்றெல்லாம் விளக்கினேன். பேசப் பேச என் வாயே நாறுவதுபோல் இருந்தது. சங்கவி வைத்த கண் வாங்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில மாதங்கள் கழித்து ஹரிகிருஷ்ணன் சந்தோஷமாக அவள் கையின் பதிவைக் காட்டினார். கோடு நேராகப் போயிற்று. ஒரு முள்கூட இல்லை. வகுப்பு நல்ல பலன் கொடுத்திருக்கிறது, இந்தக் கைதான் எங்களுக்கு முன்மாதிரி என்றார்.  லோகேஷ் திருந்திவிட்டான் என்று நம்ப நான் குழந்தை இல்லை.

அடுத்த வாரமே ஒரு காலை சங்கவி ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டாள். பேச்சு குழறியது. போய்ப் பார்த்தபோது ஒரு கணம் அவளை அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. உதடு கிழிந்து, முன்பற்கள் இரண்டு இல்லை. காதிலிருந்து கழுத்து வரை ரத்தம் காய்ந்திருந்தது. மடியில் அந்த வலது கை, சலவையிலிருந்து வந்த துணியைப்போலப் பளிச்சென்று கிடந்தது.

பானுரேகா வந்து முதலில் கையைத்தான் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார், விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். "சேதாரம் ஒண்ணுமில்ல மேடம்" என்றார் என்னிடம், நல்ல செய்தி சொல்வதுபோல.

பல் போயிருக்கிறது, இது சாதாரணக் காயம் இல்லை, வழக்குப் போடுங்கள் என்று நான் கத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வரட்டும், பார்க்கலாம் என்றார். புருஷனைக் கூப்பிட்டிருக்கிறோம், வந்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போகட்டும், குடும்பம் என்றால் இப்படி அப்படித்தான் இருக்கும் என்றார். பானுரேகாவுக்கும் வீட்டில் இப்படி ஒருத்தன் இருப்பான்போல. அலுத்துப்போன குரல் அது. கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு லோகேஷ் தானே வந்துவிட்டான். வெளியே வேப்ப மரத்தடியில் அவன் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. ஸ்டேண்ட் போட்டுவிட்டுச் சீப்பை எடுத்துத் தலை சீவினான்.

சங்கவி எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். லாக்கப் காலியாக, திறந்து கிடந்தது. அதன் இரும்புக் கதவருகே போய் நின்றாள். வலது கையைக் கீல் பக்கத்துச் சந்தில், முழங்கைக்குக் கீழே வரை விட்டாள். இடது கையால் கதவைப் பிடித்து, முழு பலத்தோடு இழுத்துச் சாத்தினாள்.

அவள் அலறியதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். வலி வாட்ச்மேன் தன் வேலையைச் சரியாகப் பார்த்தான். மறுபடி கதவைத் திறந்து, மறுபடி சாத்தினாள். நான் ஓடிப் பிடிப்பதற்குள் மூன்றாவது முறையும் ஆகிவிட்டது. பானுரேகாவின் மேஜையில் போன் ஒலித்தது. கம்பெனியின் கணினி புகார் அனுப்பிவிட்டது. சேதம் நடந்த இடம் என்று இதே ஸ்டேஷனின் முகவரி இருந்தது. பானுரேகா சங்கவியை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினார்.

லோகேஷ் படியேறி உள்ளே வந்தபோது அவள் லாக்கப்புக்குள் இருந்தாள், பூட்டுக்கு அந்தப் பக்கம். சுவரில் சாய்ந்து, சுண்ணாம்பாய் வெளுத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவன் கம்பியைப் பிடித்து உலுக்கினான். பானுரேகா அவனைப் பார்த்து, கையை எடு என்று நிஜக் கோபத்தோடு அதட்டினார். அரசாங்கக் கதவாயிற்றே.

அவன் வெளியே போன பிறகு நான் கம்பி அருகே உட்கார்ந்தேன். உனக்காக நான் வாதாடுகிறேன், கம்பெனி வேலையை இப்போதே விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வேண்டாமுங்க்கா. நீங்க கம்பெனி வக்கீலாவே இருங்க. அவரு எனக்கு ஜாமீன் எடுக்க வருவாரு. குடுக்க விட்றாதீங்க."

அவள் சொன்னது அப்படியே நடந்தது. ஜாமீன் மனுவை லோகேஷ்தான் போட்டான், மகுடேஸ்வரன் மூலமாக. மனைவி இல்லாமல் வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை, மனநிலை சரியில்லாமல் செய்துவிட்டாள், என் பொறுப்பில் அனுப்புங்கள் என்று கூண்டருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். சங்கவியின் வலது கை முழங்கைக்குக் கீழே வெறும் கட்டுத்துணியாக இருந்தது. கையைக் கம்பெனி டாக்டர் கழற்றிவிட்டார். அது அட்டையும் அரக்குமாகக் கோர்ட் பொருள் அறைக்குப் போய்விட்டது.

என் வாழ்நாளில் அவ்வளவு கடுமையாக எந்த ஜாமீனையும் எதிர்த்ததில்லை. இவர் திட்டமிட்டுச் சொத்தை அழித்தவர், இரக்கமில்லாமல் மூன்று முறை கதவைச் சாத்தியவர், வெளியே விட்டால் என்ன செய்வார் என்று சொல்ல முடியாது என்று வாதாடினேன். மகுடேஸ்வரனே ஒரு மாதிரியாகப் பார்த்தார். மனு தள்ளுபடி ஆனது. வெளியே வராந்தாவில் லோகேஷ் என்னை மறித்து, "நீங்களும் ஒரு பொம்பளதானுங்க மேடம்? உங்களுக்கெல்லாம் ஈவு இரக்கமே இல்லீங்களா?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். அவன் கண்ணில் நிஜத் தண்ணீர் இருந்தது. செருப்பைக் கழற்றி அடிக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கோப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

சங்கவி குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தண்டனையும் முடிந்தது. சிறையில் அவன் பார்க்க வந்த எந்த நாளும் அவள் வெளியே வரவில்லை. விடுதலை ஆகும் தேதியைச் சொத்தின் சொந்தக்காரருக்கு மட்டும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தகவல் என் மேஜைக்கு வந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் கோப்பில் போட்டுவிட்டு, தண்டனை போதாது, கூட்ட வேண்டும் என்று கம்பெனி சார்பில் மேல்முறையீடு தாக்கல் செய்தேன். ஹரிகிருஷ்ணனுக்குப் பரம சந்தோஷம். மேல்முறையீடு முடியும் வரை வழக்குச் சொத்தை யாருக்கும் திருப்பித் தரக் கூடாது என்று ஓர் உத்தரவும் வாங்கிவிட்டேன். எங்கள் ஊரில் மேல்முறையீடு முடிய எத்தனை காலம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மேலே கேட்டு வைத்திருக்கும் தண்டனை அவள் தலைக்கு மேல் தொங்கத்தான் செய்கிறது. அது கீழே இறங்காமல் வாய்தா வாங்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கையோடு என்ன வேலை கிடைத்ததோ, சோற்றுக்கு என்ன செய்கிறாளோ. நினைத்தால் அன்று சாப்பாடு இறங்காது.

லோகேஷ் மட்டும் வாரம் தவறாமல் கோர்ட்டுக்கு வருகிறான். சிறையிலிருந்து போனவள் கையை வாங்க இங்கே வந்துதானே ஆக வேண்டும் என்று அவன் கணக்கு. பொருள் அறைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்து, பொருள் அறையை விட்டு நகராத அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்னைக் கண்டால் எழுந்து நிற்பான்.

"அப்பீல் எப்பங்க மேடம் முடியும்?"

அடுத்த வாய்தாவில் தெரியும் என்று சொல்லிவிட்டு நான் ஹாலுக்குள் போய்விடுவேன்.